ஓய்வுநாளுக்கு முந்தைய வெயில்

ஐசாவின் மேல் டோரெலினுக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் வைக்க அவளும் எவ்வளவோ முயன்று பார்த்தாள். அம்மாவை நினைத்துக் கவலை என்றாள். ஊர் பேர் தெரியாத பெண்ணை வீட்டுக்குள் விட்டிருக்கிறாளே என்று பயம் என்றாள். கணவாய் மீன் காயப்போடும் களத்தில் பக்கத்து அறுப்புப் பலகையில் நின்று அறுத்துக்கொண்டிருந்த கிளென்தான் ஒருநாள் போட்டு உடைத்தான்.

"பொறாமைன்னு சொல்லிட்டுப் போயேன் பிள்ள. சபையை விட்டு வந்தாச்சு. இனி பொறாமைப்பட்டா யாரு வந்து கணக்குக் கேக்கப் போறா?"

"உன் வேலையப் பாரு" என்றாள் டோரெலின். கணவாய் மை தெறித்து அவள் முழங்கை வரைக்கும் கறுத்துப்போயிருந்தது.

பந்தாயன் தீவில் லாவிஸ் முனைக்கு இந்தப் பக்கம் துறை, அந்தப் பக்கம் மீன் காயப்போடும் களங்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். முனையில் இருந்த கொஞ்சம் வீடுகள் மட்டும் சனிக்கிழமைக்காரர்கள். வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்தால் சனிக்கிழமை சூரியன் விழும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். கையால் ஒரு வேலை செய்ய மாட்டார்கள், அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பன்றி, நண்டு, இறால், கணவாய், செதில் இல்லாத மீன் எதுவும் அவர்கள் வீட்டுச் சட்டிக்குள் போகாது. டோரெலினின் அம்மா ஃபெலிசா காயப்போட்டு விற்பது ஓரா மீன். அந்த ஓராவுக்குச் செதில் உண்டா இல்லையா என்று சபையில் ஒரு காலத்தில் பெரிய வழக்கே நடந்ததாம். கடைசியில் போதகர் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து, ஒரு மீனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இருக்கு, பொடிசா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் ஃபெலிசா வீட்டில் சோறு இறங்கியது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான் இன்று கணவாய் அறுத்துப் பிழைக்கிறாள்.

சண்டை போட்டு வெளியே வந்தவள் இல்லை டோரெலின். வருஷத்தின் முதல் ஓய்வுநாளில் சபையார் ஒவ்வொருவராக எழுந்து, இந்த வருஷமும் நான் இந்த வழியில் நிற்பேன் என்று சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்து கூச்சமில்லாமல் சொல்லி வந்தவள்தான். ஒரு வருஷம் எழுந்து நின்றாள், வாய் வரவில்லை. நம்பாததை எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் சில மாதம் வீட்டில்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அம்மா பாட, தான் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்க முடியாமல், துறைப்பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். சபையிலிருந்து பேரை எடுத்துவிடும்படி அவளே போய்ச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. "வாசல் திறந்துதான் கெடக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

திறந்து கிடந்த வாசலில் ஐசா நுழைந்துவிட்டாள்.

மஸ்பாத்தே தீவுப் பக்கத்துப் பெண் ஐசா. பெற்றவர்கள் இல்லை. துறையில் பீர்க் கடையொன்றில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள், சபைக்காரர்கள் பந்தல் போட்டு நடத்திய கூட்டத்தைக் கேட்டு மனம் மாறி, கடலில் முழுக்கு ஞானஸ்நானம் வாங்கினாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வேலைக்கு வரமாட்டேன் என்றாள். கடைக்காரன் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். அந்தப் பெட்டியைத் தன் தலையில் வைத்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தவள் ஃபெலிசா. டோரெலினின் அறை, டோரெலினின் கட்டில், டோரெலின் விட்டுவந்த நீளப் பாவாடைகள் எல்லாம் அவளுக்கு ஆயின. முதல்தடவை தன் பச்சைப் பாவாடையில் அவளைப் பார்த்தபோது, அது தன்னைவிட அவளுக்குப் பொருத்தமாக இருந்ததுதான் டோரெலினுக்குத் தாங்கவில்லை.

"நீ சாமி இல்லன்னுதானே வெளிய வந்த?" என்றான் கிளென், மத்தியானச் சோற்றின்போது. அவன் முன்னால் பன்றி ரத்தக் குழம்பு. அவனும் சனிக்கிழமை வீட்டுப் பிள்ளைதான். வெளியே வந்ததிலிருந்து பழைய பாக்கியை வசூல் பண்ணுகிறவன் மாதிரி நண்டும் பன்றியுமாகத் தின்று தீர்க்கிறான். "பின்ன இந்தக் குழம்பப் பாத்தா ஏன் மூஞ்சியச் சுளிக்க?"

"சாமி போயிருச்சு. நாக்கு போகலையே" என்றாள் டோரெலின்.

"அம்மாவும் போகல."

அவள் அவித்த வாழைக்காயைப் பிட்டுத் தின்றாள். கிளென் குழம்பை வழித்துத் தின்றுவிட்டுச் சொன்னான்: "உனக்கு வெள்ளிக்கிழமை போய் உக்கார ஒரு இடமாவது இருக்கு. எங்கப்பா சந்தையில என்னைப் பாத்தா மீன் என்ன விலைன்னு கேக்காரு. அடுத்த ஊர்க்காரன்ட்ட கேக்க மாதிரி. நானும் விலை சொல்லுதேன்."

அன்று வெள்ளிக்கிழமை. எப்போதும்போல எலுமிச்சைத் தோல் போட்டுக் கையைத் தேய் தேயென்று தேய்த்துக் கழுவிவிட்டு, டோரெலின் முனைக்கு நடந்தாள். மை போகும், வாசனை போகாது.

அம்மாவின் களத்தில் என்றைக்கும் இல்லாத மீன். மீன் காயவைக்கும் பரணில் இருந்த மூங்கில் தட்டிகள் போதாமல், வேலி ஓரத்தில் பழைய கதவைக்கூடக் கிடத்தி அதிலும் மீன் பரப்பியிருந்தது. பிளந்த ஓராக்கள் வயிறு காட்டிக் கிடந்தன. பரணுக்குப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏட்டி, மூளைய எங்கட்டி கழத்தி வச்ச? ஒரு தோணி மீனையும் எடுக்கச் சொல்லி உன்கிட்ட யாரு சொன்னா? நான் ஜெபத்துக்குப் போய்ட்டு வாரதுக்குள்ள இவ மொதலாளி ஆயிட்டா. வெயில் என்ன உங்க மாமன் வீட்டுச் சீதனமா, கேட்டப்பல்லாம் வர?"

"ஞாயித்துக்கிழமை வியாபாரி படகு வருதுல்லாம்மா. நெறைய இருந்தா நல்லதுதானேன்னு எடுத்தேன்" என்றாள் ஐசா. முகம் செத்துப்போயிருந்தது.

"நல்லது. வாயில நல்லா வருது. திருப்பிப் போடுட்டி அதை, அழுகவா விட்டிருக்க?"

படலைத் திறந்த சத்தம் கேட்டு அம்மா திரும்பினாள். குரல் சட்டென்று மாறியது. "வாம்மா, வெயில்ல நடந்தா வந்த? நெழல்ல உக்காரு. இளநி வெட்டட்டா?"

டோரெலினுக்கு வயிற்றுக்குள் எரிந்தது. அந்தத் திட்டெல்லாம் அவளுடையது. பல் விளக்காததற்கும், தட்டியைச் சாய்த்ததற்கும், பையன்களைப் பார்த்துச் சிரித்ததற்கும் அம்மா வாயிலிருந்து வண்டி வண்டியாய் வாங்கியது. அதை இப்போது அந்த மஸ்பாத்தேக்காரி வாங்குகிறாள். தனக்கு இளநீராம். போதகர் வந்தால் இளநீர், வரிக்காரர் வந்தால் இளநீர்.

"நானும் பெரட்டுதேம்மா. ரெண்டு கைக்கு மூணு கையா இருக்கும்" என்றாள்.

"வேண்டாம்மா. வாரம் பூரா உழைச்சுட்டு வந்திருக்க. நீ உக்காரு."

உட்கார்ந்தாள். இளநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அம்மா ஒரு வரிசை, ஐசா ஒரு வரிசை. அம்மா கையை நீட்டினால் ஐசா சொல்லாமலே துணியை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் ஐசாவுக்குத் தொழில் இன்னும் படியவில்லை. தோல் பக்கத்தை நேரமாகியும் திருப்பாமல் விட்டிருந்தாள், தட்டியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது, அந்த இடமெல்லாம் ஈ. ஒவ்வொரு குறையாகக் கண்டுபிடித்து டோரெலின் மனசுக்குள் சேர்த்துவைத்துக்கொண்டாள். கெட்ட புத்திதான். ஆனால் நன்றாக இருந்தது.

மேற்கே மேகம் ஏறியது. அம்மா ஒரு மீனை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. இந்தப் பதத்தில் அள்ளிக் கூரைக்குள் அடுக்கினால் நாளைக்குப் பூராவும் யாரும் தொட மாட்டார்கள், புழுங்கி நாறிப்போகும். அள்ளாவிட்டால் மழை.

"கொஞ்சம் காயட்டும். கடைசி வெயிலு, அதையும் வாங்கிக்கிடட்டும்" என்றாள் அம்மா.

"மேகத்தைப் பாத்தியாம்மா?" என்றாள் டோரெலின்.

"பாத்தேன். அது அந்தப் பக்கமாத்தான் போகும்."

போகவில்லை. வெயில் மங்கியது. அம்மா திடீரென்று "அள்ளு, அள்ளு" என்றாள். இருவரும் தட்டிகளைக் கூரைக்குள் சுமக்க ஆரம்பித்தார்கள். ஓடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்துபோன டோரெலினை அம்மா, "உன் சட்டை வீணாப் போயிரும்மா" என்று தள்ளியே நிறுத்தினாள். பாதிகூட உள்ளே போயிருக்காது, சபைக் கூடத்தில் தொங்கும் இரும்புத் துண்டை யாரோ தட்டினார்கள். சூரியன் விழுந்தாயிற்று.

அம்மா கையிலிருந்த தட்டியைப் பரணிலேயே திருப்பி வைத்தாள். அலையில்லாத கடல் மாதிரி ஆகிவிட்டது அவள் முகம். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினாள். ஐசா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளும் கழுவினாள். காற்றில் மண்வாசனை வந்தது.

"அம்மா, மழை வந்தா எல்லாம் போச்சே" என்றாள் ஐசா.

"கொடுத்தவரு பாத்துக்கிடுவாரு. உள்ள வா."

ஐசா நகரவில்லை. டோரெலினைப் பார்த்தாள். "அக்கா சபையில இல்லல்லாம்மா? அக்கா எடுத்தாத் தப்பில்லையே?"

அவள் கேட்டு முடிக்குமுன்பே டோரெலின் எழுந்துவிட்டாள். இந்த வீட்டில் ஐசாவால் முடியாதது, அம்மாவால் முடியாதது, தன்னால் மட்டும் முடிகிற காரியம் ஒன்று கடைசியில் வந்தேவிட்டது. பாடட்டும், ஜெபிக்கட்டும், பாவாடை கட்டட்டும், இந்த மீனைத் தூக்க அவளால் முடியுமா? டோரெலின் இரண்டே எட்டில் பரணுக்குப் போய் ஒரு தட்டியைத் தூக்கினாள்.

"கீழ வைட்டி" என்றாள் அம்மா.

டோரெலின் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தான். கீழ வை."

"எனக்கென்னம்மா? எனக்கு ஓய்வுநாளு கெடையாது."

"உனக்கு இல்லாட்டா எனக்கு இருக்கு. கட்டளையில என்னன்னு இருக்கு? நீ மட்டும் வேலை செய்யாதேன்னா இருக்கு? உன் மகனும் செய்யக்கூடாது, மகளும் செய்யக்கூடாதுன்னுலா இருக்கு. சின்னதுல ஒப்பிச்சுப் பரிசு வாங்குனவதானே நீ?"

"அக்காதான் பேரை எடுத்துட்டாங்களேம்மா" என்றாள் ஐசா மெதுவாக.

"சபையிலதான் எடுத்தா. என் வயித்துல இருந்து எப்பிடிட்டி எடுப்பா?"

டோரெலின் தட்டியைக் கீழே வைத்தாள். முதல் துளிகள் மீன்மேல் விழுந்தன. அம்மா முன்னால் போக, இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

உள்ளே எல்லாம் பகலிலேயே ஆக்கி வைத்திருந்தது. ஓலைக்கூட்டுக்குள் அவித்த சோறு, பாசிப்பயற்றுக் குழம்பு, கத்திரிக்காய் சுட்டுப் பிசைந்தது. எல்லாம் ஆறிப்போயிருந்தது. அம்மா பாட ஆரம்பித்தாள். கூரைத் தகரத்தில் மழை அறைந்த அறையில் பாதிப் பாட்டு கேட்கவில்லை. டோரெலின் பாடவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் அம்மாவின் மீன் அழிந்துகொண்டிருந்தது, அவளுக்கோ உடம்பெல்லாம் சந்தோஷம். மகளும் செய்யக்கூடாது. மகளும் செய்யக்கூடாது. மழை இன்னும் பெய்தாலும் பெய்யட்டும் என்றுகூடத் தோன்றியது. தோன்றிய பிறகு அவளுக்கே கூசியது.

ஐசா தண்ணீர் எடுக்கிற மாதிரி அடுக்களைப் பக்கம் போனவள் திரும்பவில்லை. டோரெலின் எழுந்து போய்ப் பார்த்தாள். ஐசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு களத்தைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்த விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. ஓரா முள் குத்தினால் கடுப்பு தோள்வரை ஏறும். ஒரு தோணி மீனையும் அவள் ஒருத்தியே கீறியிருக்கிறாள்.

"கையைக் காட்டு. வெந்நியில வச்சியா?" என்றாள் டோரெலின்.

"வச்சேன்."

"மீனு போனாப் போகுது. அம்மா உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உங்களுக்கு என்னக்கா." ஐசா திரும்பவில்லை. "நீங்க கணவாய் அறுக்கீங்க. சபைக்கு வரமாட்டீங்க. பாட்டுப் பாடும்போது வாயத் தெறக்க மாட்டீங்க. ஆனாலும் மக. நான் ஒரு பாட்டு விட்டதில்ல, ஒரு ஜெபம் விட்டதில்ல. ஒரே ஒரு தடவை, இந்த வீட்டுக்கு ஏதாச்சும் பெருசாச் செய்யணும்னு மீன் எடுத்தேன். அதுவும் இப்படி ஆயிருச்சு."

"நீயும் மக மாதிரிதான்."

"மாதிரி" என்றாள் ஐசா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கட்டாக்கா? உங்களுக்கு நம்பிக்கை போன மாதிரி எனக்கும் ஒருநாள் போயிருச்சுன்னு வைங்க. அப்ப நான் இந்த வீட்டுல யாரு?"

"அம்மா உன்னைத் துரத்த மாட்டாங்க ஐசா."

"நீங்க போனப்ப உங்க கட்டிலு எம்புட்டு நாளு காலியாக் கெடந்துச்சு?"

துறைப்பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு டோரெலினே கேட்டுக்கேட்டு எரிந்த கேள்வி அது. அதை இந்தப் பெண்ணும், அதே கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

பின்வாசல் தாழ்ப்பாளை டோரெலின் திறந்தாள். ஐசாமேல் வந்த பரிதாபத்தாலா, தன் சந்தோஷத்தின்மேல் வந்த அருவருப்பாலா, எதனால் இறங்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மழைக்குள் போய் முதல் தட்டியைத் தூக்கினாள். மேலாக இருந்த மீன் நனைந்திருந்தது. உள்பக்கத்துத் தட்டிகளில் பாதிக்குமேல் இன்னும் பழுதில்லை. கூரைக்குள் கொண்டுபோய், காற்றுப்போக இடைவெளி விட்டு அடுக்கினாள்.

பாட்டு நின்றது. அம்மா வாசலுக்கு வந்தாள்.

"வேண்டாம்னு சொன்னேம்லா?"

"சொன்னீங்க."

"பின்ன?"

"இன்னைக்கு மட்டும் நான் உங்க மக இல்லன்னு வச்சுக்கங்கம்மா. வழியில போறவ. மீன் நனையுதேன்னு எடுத்து வைக்கா. அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?"

இத்தனை காலம் ஏங்கிய மகள் என்ற பேர் டோரெலின் கைக்கு வந்து முழுசாக ஒரு பாட்டு நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தானே திருப்பிக் கொடுக்கிறாள். அடுத்த தட்டியைத் தூக்கினாள்.

அம்மா நின்றாள். மழையைப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கிக் களத்துக்குள் வந்தாள்.

"நீங்க ஏன் நனையுதீங்க? உள்ள போங்க."

"நீ என் மக இல்லன்னு வச்சுக்கிட எனக்கு ஆகாது" என்றாள் அம்மா. "நீ செஞ்சாலும் அது என் கணக்குலதான் ஏறும். ஏறட்டும். ஆனா உள்ள உக்காந்து பாட என்னால முடியாது."

மாற்றிக் கட்டிய ஓய்வுநாள் உடுப்போடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீனைத் தொடாமல், டோரெலின் ஒவ்வொரு தட்டியாகத் தூக்கத் தூக்க அம்மா கூடவே நடந்தாள். பரணுக்கு வந்தாள், கூரைக்குப் போனாள், மறுபடி பரணுக்கு வந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருதடவை, "ஏ, சாயுது, சாயுது, அந்த மொனையப் பிடிட்டி" என்று கத்திவிட்டு, அதுவும் வேலைதானோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். டோரெலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

வாசலில் ஐசா நின்றாள். இறங்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் மனசில்லை. கூரைத் தண்ணீர் அவள் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா அவளைப் பார்த்தாள். "நீ ஏம்மா அங்க நிக்க?" என்றாள் இதமாக. "சாரல் அடிக்கும். உள்ள போய் உக்காந்து சாப்பிடும்மா."

விருந்தாளிகளுக்கான அந்தக் குரலை டோரெலினுக்குத் தெரியும். ஐசாவின் முகத்தில் இப்போது வந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். அழுகை இல்லை, கோபமும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் நிழலில் உட்கார்ந்து, கையில் இளநீரோடு, டோரெலின் தன் முகத்தில் வைத்திருந்தது அதுதான்.

டோரெலின் தட்டியைப் பிடித்தபடியே அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"அவளைத் திட்டுங்கம்மா."

"என்னது?"

"ஒரு தோணி மீனையும் எடுத்தால்லா? ரெண்டு திட்டுத் திட்டுங்க."

அம்மா மகளைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"ஏட்டி ஐசா, வாசல்ல நின்னு என்னட்டி பராக்குப் பாக்க? ஊர் மீனையெல்லாம் வாங்கிக் குமிக்க மட்டும் தெரியுதுல்லா? இரு, நாளைக்குச் சூரியன் விழட்டும், உன்னை வச்சுக்கிடுதேன். அந்த ஈரப் பாவாடையோட கட்டில்ல ஏறுன, காலை ஒடிச்சிருவேன்."

ஐசா வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, "சரிம்மா" என்றாள்.

திட்டச் சொன்னவள் டோரெலின்தான். கேட்டதும் அவளுக்குப் பழையபடி வயிற்றுக்குள் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த தட்டியைத் தூக்கினாள். அம்மா கூடவே நடந்து வந்தாள்.